பிலோமினாவின் பெயர் பதித்த நாற்பத்தாறு சட்டிகள்

நீங்கள் ஏழு பேரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் சென்ற புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிடைத்தது. நேரத்தைக்கூட எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். நீங்கள் இப்போது வேலை பழகும் அந்த வாவிக்கரை மட்பாண்ட நிலையத்தில் ஓய்வு பெறும்வரை மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அங்கே இரண்டு வேலைகளைத்தான் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லலாம். வந்து இறங்கும் மண்ணை முகர்ந்து பார்த்து நல்லதா இல்லையா என்று சொல்வது ஒன்று. அன்றன்று நடந்ததை நாளும் கிழமையும் போட்டுக் கொப்பியில் எழுதுவது மற்றது.

கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பாண்டத்தில் செய்தவரின் அடையாளத்தை எந்தப் பதத்தில் பதிப்பது? நிலையத்தில் முன்பு இருந்த பித்தளை முத்திரை இப்போது எங்கே? கொழும்புக் கடையில் இன்னமும் பிலோமினா என்ற பெயரைக் கேட்கிறார்களே, அந்தப் பெயரை நீங்களும் பதிக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. சட்டியில் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர வேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது. அதற்கு முன்னர் பதித்தால் எழுத்து வழியும். அதற்குப் பின்னர் பதித்தால் எழுத்து மிக அழகாக விழும். ஆனால் சுவருக்குள்ளே கீறல் போகும். அது கண்ணுக்குத் தெரியாது, தட்டினாலும் எப்போதும் கேட்காது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுத எனக்கு நான்கு நாட்கள் ஆயின. ஒழுங்காகச் சொல்வதானால் என் இடது கையிலிருந்து தொடங்க வேண்டும்.

என் இடது கை நடுவிரலுக்கு நுனி இல்லை. அதை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இழந்தேன். மண் பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பார்வையிட வந்தவர்கள் வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் ஒரு சுள்ளி தெரிந்தது. அவர்கள் உள்ளே வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று கையை விட்டேன். எனக்கு முன் மேற்பார்வையாளர் மேசையில் இருந்தவர்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடுத்த கிழமை கட்டோடு வேலைக்கு வந்தபோது ஒரு புதுக் கொப்பியை நீட்டி, நடந்ததை எழுதச் சொன்னார். “இயந்திரத்தில் விரல் அகப்பட்டது” என்று எழுதினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“விரல் தன்பாட்டில நடந்துபோய் அகப்பட்டதாகா? நீதானே கைய உட்டாய். அப்பிடி எழுது.”

அப்படியே எழுதினேன். அன்றிலிருந்து என் கொப்பிகளில் நான் செய்ததை நான் செய்ததாகவே எழுதிவந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போகும் நாளில் சொன்ன இன்னொன்றை மட்டும் நான் பெரிதாக எடுக்கவில்லை. “கொப்பியில நாள் போட்டு எழுதுறது சுகம். அத நாலு பேருக்கு முன்னால வாசிக்கிறதுதான் வேல.” ஏதோ விடைபெறும் நேரத்துக் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

இனிப் பிலோமினாவைப் பற்றி.

பிலோமினாவுக்குத் தன்னாமுனை. நிலையத்தில் சமையல் சட்டி செய்த நான்கு பெண்களில் அவருடைய கைதான் திறமான கை. சட்டியைச் சக்கரத்தில் எடுத்து, பாதி காய்ந்ததும் மடியில் கவிழ்த்து, உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டி அடியை மூடுவார். அடி எவ்வளவு மெல்லியதாக வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் சூடேறும். அவர் தட்டிய அடியில் எங்கே தொட்டாலும் ஒரே கனம் இருக்கும். முடிந்ததும், வெயிலில் காய்ந்த நண்டுக்கால் ஒன்றின் கூர்முனையால் கழுத்தில் மூன்று முறை மெல்ல அழுத்துவார். மூன்று சிறிய பிறைகள் விழும். அதுதான் அவர் அடையாளம். செங்கலடிச் சந்தையில் சட்டி வாங்க வரும் பெண்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பெயர் கேட்க மாட்டார்கள்.

நான் அந்தக் காலத்தில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். பழைய மண்மேடுகளில் எடுத்த ஓடுகளில் பெயர் கீறியிருப்பதைப் பற்றியும் வாசித்தேன். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் செய்தவர்களுடையவை அல்லவாம், வைத்திருந்தவர்களுடையவையாம். செய்தவர்கள் விட்டுப்போனது சில ஓடுகளின் உட்புறத்தில் பதிந்திருக்கும் விரல்தடம் மட்டும்தான். இதைப் பிலோமினாவிடம் சொன்னேன். அவர் பலகையை நிறுத்தாமலே சொன்னார்: “அப்ப பேர் எழுதத் தெரிஞ்சவன் சட்டி செய்யல்ல. சட்டி செஞ்சவன் பேர் எழுதல்ல. இப்ப மட்டும் என்ன சேர் மாறிக் கிடக்கு?”

மாறியது ஒரு ஆவணி மாதத்தில். கொழும்பிலிருந்து ஒரு கடைக்காக ஒரு இளம் பெண் வந்தார். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். நல்ல பெண், ஏமாற்ற வந்தவர் அல்ல. செய்தவர்களின் பெயர் தெரிய வேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தது. பிலோமினாவின் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது சட்டி வேண்டும், ஆனால் நண்டுக்கால் வேண்டாம், முழுப் பெயரும் ஊரும் உள்ள முத்திரை வேண்டும் என்றார். அதுவும் அடியில். படம் எடுக்கும்போது கழுத்து வெறுமையாக, துப்புரவாக இருக்க வேண்டுமாம்.

பிலோமினா என்னைப் பார்த்தார், பிறகு மிஸ்ஸைப் பார்த்தார்.

“அடி நெருப்பில இருக்கிற இடம் மிஸ். அதில கை வைக்கக் கூடா. கழுத்தில போட்டா என்ன? தாலியக் கழுத்தில கட்டுறாங்களா, காலில கட்டுறாங்களா?”

எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார். சிரித்துவிட்டு, “அக்கா, உங்க பேர் ஊருக்கெல்லாம் தெரிய வேணாமா?” என்று கேட்டார். பிலோமினா தன் சட்டியை வாங்கித் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்பதை நான் கண்டேன். நானும் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். முத்திரையை அவர்தான் வைப்பார். அடி தட்டி முடித்த அன்றே, ஈரம் இருக்கும்போதே, மேலோட்டமாக வைப்பார். நிலையத்தில் சூளைச் சேதத்துக்காக எப்போதும் ஆறு சட்டி கூடுதலாகச் செய்வோம். எஞ்சுபவை ஊர்ச் சந்தைக்குப் போகும். அந்த ஆறுக்கும் முத்திரை வேண்டாம் என்றார். “அது எங்கட சனம் நெருப்பில வைக்கிறது.”

பித்தளை முத்திரை வெட்டக் கொடுத்தோம். அது தாமதமாகியது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. பிலோமினா நாற்பத்தாறு சட்டிகளையும் தட்டி முடித்து, ஈரச் சாக்கால் மூடி, முத்திரைக்காகக் காத்திருந்தார். அப்போது கரடியனாற்றில் இருந்த அவர் மகளுக்குப் பிரசவ நோவு கண்டது. அது செவ்வாய்க்கிழமை. போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “சேர், சாக்க எடுத்திராதீங்க. முத்திர வந்தாலும் இருக்கட்டும். நான் வந்து வைக்கிறன்.”

புதன்கிழமை வெயில் எறித்தது. ஒன்பது நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில். லொறி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சூளை வைப்பதானால் அந்த வெயிலை விடக்கூடாது. நான் சாக்குகளை எடுத்தேன். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு முத்திரை வந்தது.

அந்த நேரத்தை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். கொப்பியைப் பார்க்கத் தேவையில்லை. சட்டியில் புறங்கையை வைத்தேன். குளிரவில்லை. மண் வெளிறிப்போய், நகத்தால் கீறினால் தூள் விழும் பதத்துக்கு வந்திருந்தது. பிலோமினாவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எடுக்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது. எடுத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

ஈரத்துணியால் முதல் சட்டியின் அடியை உள்ளும் புறமும் துடைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தேன். இடது கையின் நடு மூன்று விரல்களை உள்ளே முட்டுக்கொடுத்து, வலது கையால் முத்திரையை வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தபோது எழுத்து ஒவ்வொன்றும் அச்சுப் போல் இருந்தது. பிலோமினா, கீழே தன்னாமுனை, சுற்றி ஒரு வளையம். அவ்வளவு அழகாக விழும் என்று நான் நினைக்கவில்லை. பயம் போய்விட்டது. நாற்பதையும் முடித்தேன். பிறகு அந்த ஆறையும் முடித்தேன். ஏன் என்று இன்றுவரை என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. கை ஓடிக்கொண்டிருந்தது. வடிவாக இருந்தது. அவ்வளவுதான்.

ஐந்தரை மணிக்குப் பிலோமினா திருப்பி எடுத்தார்.

“சேர், போன் எடுத்தீங்களா? ஆஸ்பத்திரிக்குள்ள நிண்டனான், கேக்கல்ல. என்ன விசியம்?”

“ஒண்டுமில்ல பிலோமினா. மகள் எப்பிடி எண்டு கேக்கத்தான்.”

“பொம்புளப் புள்ள கிடைச்சிரிக்கி சேர்!”

வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்து, பழக்கப்படி எழுதினேன்: “வியாழன். பிலோமினா இல்லை. சட்டிகள் காய்ந்துவிட்டன. ஈரத்துணியால் நனைத்து நானே நாற்பத்தாறிலும் முத்திரை பதித்தேன். அவரிடம் சொல்லவில்லை.” எழுதியதும் ஏதோ கடமை முடிந்தது போல இருந்தது.

சூளையில் இரண்டு சட்டிகள் வெடித்தன. இரண்டு வெடிப்பது வழக்கம். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டினேன், எல்லாம் கணீரென்றன. திங்கட்கிழமை பிலோமினா வந்தபோது நாற்பதும் வைக்கோலுக்குள் பெட்டியில் இருந்தன. லொறி வாசலில் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது.

“முத்திர ஆர் வச்ச?”

“நான்தான். பதம் சரியா இருந்திச்சு.”

“சாக்கு எடுக்கல்லதானே?”

“இல்ல.”

“ஒரு பெட்டியத் திறங்க சேர், ஒண்டப் பாப்பம்.”

“லொறி நிக்குது பிலோமினா.”

அவர் லொறியைப் பார்த்தார். “சரி. உங்கட பொறுப்பு சேர்” என்றார். நான் ஓம் என்றேன். எஞ்சிய நான்கும் அன்று காலையிலேயே செங்கலடிக்குப் போயிருந்தன. அவற்றிலும் முத்திரை இருப்பதை நான் சொல்லவில்லை.

என் வேலைக்காலம் முழுவதிலும் தீர்மானிக்க எனக்குத் தரப்பட்ட நேரம் எது என்று கேட்டால், அந்த வாசலில் நின்ற சில நிமிடங்களைச் சொல்வேன். முத்திரை பதித்த பின்னேரம் ஒரு பிழை. பிழையை எவரும் விடலாம். வாசலில் அவர் என்னிடம் ஒரு பெட்டியைத்தான் திறக்கச் சொன்னார்.

கொழும்புக்குப் போன நாற்பதில் ஒன்றுகூட உடையவில்லை. அவற்றை வாங்கியவர்கள் யாரும் நெருப்பில் வைக்கவில்லை. அலுமாரியில் வைத்தார்கள், பூ வைத்தார்கள் என்று மிஸ் பிறகு சொன்னார்.

மாசி மாதத்தின் முதல் சனிக்கிழமை. செங்கலடியில் சோற்றுக்கடை வைத்திருந்த கமலா, மத்தியானக் கூட்டத்துக்காகப் பருப்புக் கொதிக்கவைத்தார். அதுவரை அந்தச் சட்டியில் சின்னச் சின்னக் கறிதான் வைத்திருந்தாராம். அன்று நிறையக் கொதிக்கவைத்து, இறக்குவதற்காகத் தூக்கியிருக்கிறார். அடி அப்படியே கழன்று விழுந்தது. கொதித்த பருப்பு முழுவதும் இரண்டு கால்களிலும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமலாவின் கணவர் தவம் நிலையத்துக்கு வந்தார். நிலையத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பிலோமினாவைக் கூப்பிட்டிருந்தோம். நான் தலைவருக்குப் பக்கத்தில் இருந்தேன். என் பைக்குள் அந்தக் கொப்பி இருந்தது. வாசிக்க வேண்டும் என்றுதான் காலையில் எடுத்துவைத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு தாளும் செருகியிருந்தேன்.

தவம் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். விரித்தபோது உள்ளே ஒரு வட்ட ஓடு. உள்ளங்கை அளவு. முத்திரையின் வளையத்தைச் சுற்றியே உடைந்திருந்தது. ஒரு எழுத்தும் சிதையவில்லை.

“வாசிங்க தலைவர். கண்ணாடி போட்டு வாசிங்க.”

தலைவர் வாசித்தார். “பிலோமினா. தன்னாமுனை.”

“சட்டி வெந்திச்சு, பருப்பு வெந்திச்சு, என்ட பொஞ்சாதிட காலும் வெந்திச்சு. பேர் மட்டும் வேகல்ல, பாத்தீங்களா?”

பிலோமினா கையை நீட்டி ஓட்டை எடுத்தார். பெயரைப் பார்க்கவில்லை. திருப்பினார். உட்புறத்தில் பெருவிரலை வைத்து மெல்லத் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே மூன்று பள்ளங்கள் இருந்தன. நனைத்த மண்ணில் விழுந்த, முட்டுக்கொடுத்த விரல்களின் பள்ளங்கள். இரண்டு நீளம். நடுவில் இருந்தது கட்டை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் பையின் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரும் ஆனியில் எனக்கு ஓய்வு. கொழும்புக் கடை அடுத்ததாகக் கேட்ட சட்டிகளின் பட்டியல், முதலாவதைவிடப் பெரியது, மேசையில் கிடந்தது. தவம் போகட்டும், தலைவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த கணத்திலேயே அது பொய் என்றும் எனக்குத் தெரிந்தது.

“உன்ட சட்டிதானே?” என்று தலைவர் கேட்டார்.

பிலோமினா இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு ஓட்டை மேசையில் வைத்தார், பெயர் மேலே தெரியும்படி.

“ஓம். என்ட பேர்தானே இரிக்கி.”

பிலோமினா கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கட்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. அவர் ஒருதரம் ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டு போனாராம். கமலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். கோயிலில் பூசை முடிந்து வரும்போது, “என்னகா, இன்னும் சட்டி விக்கிறயா?” என்று யாரோ கேட்டதற்குப் பிறகு, அவர் ஏறாவூர்ப் பக்கக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்.

இரண்டு கிழமை கழித்துத் தலைவரிடம் தனியாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். “இப்ப என்னத்துக்குகா கிளறுற? அவளே ஒத்துக்கிட்டாள். நீயும் நானும் கதச்சா நிலையத்தையே மூடுவாங்க. மத்தப் பொம்புளயளுக்கு ஆர் பதில் சொல்றது?” நான் வாதாடவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில். கொழும்புக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது. மற்ற மூன்று பெண்களும் சட்டி செய்தார்கள், அவற்றில் பிலோமினாவின் முத்திரை விழுந்தது. அலுமாரிக்குத்தானே போகிறது, நெருப்பில் வைக்கமாட்டார்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பிலோமினா வீட்டில் இருந்தார், பெயர் நிலையத்தில் வேலை செய்தது. ஓய்வு பெறும்வரை நான்கு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாளில் முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் கேட்கும் அந்தப் பெயர் இப்படித்தான் புகழ் பெற்றது.

சந்தைக்குப் போன நான்கு சட்டிகளைத் தேடத் தொடங்கினேன். கமலாவுடையது ஒன்று. சந்தைக்காரப் பெண் நினைவுபடுத்திச் சொல்லி, ஒன்றை வந்தாறுமூலையில் ஒரு வீட்டிலும் இன்னொன்றைக் கரடியனாற்றில் வயல்வட்டையில் ஒரு காவல்குடிலிலும் கண்டேன். புதுச் சட்டி கொடுத்து மாற்றி, வாவிக்கரையில் வைத்து உடைத்தேன். இரண்டின் உள்ளேயும் அதே விரல்கள். நான்காவது சட்டி கிடைக்கவில்லை.

பிறகு பிலோமினாவைத் தேடிப் போனேன். அவர் வந்தாறுமூலையில், படிக்க வரும் பெண்பிள்ளைகள் தங்கியிருக்கும் ஒரு வீட்டில் சமைக்கிறார். குசினி வாசலில் நின்றேன். பெரிய அலுமினியச் சட்டியில் சோறு கொதித்தது. என்னைக் கண்டு அவர் எழும்பவில்லை, போகச் சொல்லவுமில்லை.

“இதுக்கும் அடியில பேர் இரிக்கி சேர். கம்பனிட பேர். ஒருத்தரும் வாசிக்கிறதில்ல.”

கொப்பியை நீட்டினேன். கை ஈரம், நீங்களே வாசியுங்கள் என்றார். அந்த வியாழக்கிழமையின் பக்கத்தை நின்றபடியே வாசித்தேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார். கடைசி வரிக்கு வந்தபோது கத்தி நின்றது.

“அண்டைக்கு நான் சொல்லியிரிக்கலாம். சொன்னா, பழிய மத்தாள்ர தலையில போடுறாள் எண்டுதான் சொல்லியிரிப்பாங்க. நீங்க சொன்னா அது வேற. அதுதான் பாத்துக்கிட்டு இருந்தன்.”

“பிலோமினா, நான்...”

“கமலாக்கு வாசிச்சீங்களா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு என்னத்துக்கு வாசிக்கிறீங்க? எனக்குத் தெரிஞ்சதுதானே.”

முத்திரையை எடுத்து வெங்காயம் வெட்டும் பலகையில் வைத்தேன். பார்த்துவிட்டுப் பலகையோடு என் பக்கம் தள்ளினார். “நீங்களே வச்சிருங்க. அதால குத்தினது நீங்கதானே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கலடிக்குப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. கமலா வீட்டுக்குள் கதிரையில் இருந்தார். கால்களில் தோல் இழுத்து மினுங்கியது. நீண்ட நேரம் நிற்க முடியாதாம். நான் கொப்பியை வாசித்தேன். இந்த முறை தடுமாறவில்லை. ஒவ்வொரு சொல்லையும் சத்தமாக வாசித்தேன். முடிந்ததும் தவம் கொப்பியை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார்.

“மை புதுசா, பழசா எண்டு எனக்குத் தெரியா. இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க? அவள் அனுப்பினாளா?”

“இல்ல. நானாத்தான் வந்தன்.”

“அவளுக்குப் பேரக் கழுவ வேணும். உங்களுக்குப் பென்சன் கிடைச்சிட்டு. ரெண்டு பேரும் சேந்து ஒரு கதையக் கட்டிக்கிட்டு வந்திரிக்கிறீங்க.”

தவம் அன்று நிலையத்து மேசையில் விட்டுப்போன ஓட்டை எடுத்துக் காட்டி, என் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்தேன். சரியாகப் பொருந்தின. கமலா அதைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, “அவர வெளியால அனுப்புங்க” என்று கணவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு இதில் நான் எதையும் சரிசெய்ததாக என் கொப்பியில் இல்லை.

இவ்வளவையும் எழுதியது மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. உங்களிடம் கேட்க எதுவும் இல்லை. நீங்களும் ஒரு நாள் காய்ந்துபோன மண்ணுக்கு முன்னால், கையில் மற்றவரின் அடையாளத்தோடு நிற்பீர்கள். வாசலில் லொறி நிற்கும். போனில் யாரும் எடுக்கமாட்டார்கள். அப்போது எழுத்து எவ்வளவு அழகாக விழுந்தாலும் நம்பாதீர்கள். பதித்துவிட்டீர்களா, அன்றைக்கே வாய்திறந்து சொல்லுங்கள். அடுத்த கிழமை சொல்வது உண்மையாகவே இருந்தாலும், கேட்பவர்களுக்கு அது இன்னொரு கதைதான்.

பித்தளை முத்திரை என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன். அந்தப் பெயரைப் பதிக்காதீர்கள். உங்கள் ஏழு பேருக்கும் கைகள் இருக்கின்றன. ஆளுக்கொரு நண்டுக்கால் தேடிக்கொள்ளுங்கள்.

முத்திரைக்குப் பதிலாக இந்தக் கடிதத்தோடு அந்த ஓட்டை அனுப்புகிறேன். துணியில் சுற்றியிருக்கிறேன், மெதுவாகப் பிரியுங்கள். அதை உங்கள் மேசையில் உட்புறம் மேலே தெரியும்படி வையுங்கள்.

நான்காவது சட்டி இன்னும் எங்கேயோ இருக்கிறது. யாரோ தங்கள் அடுப்பில் அதை ஏற்றி, கொஞ்சமாகக் கறி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். நீங்கள் சந்தைக்குப் போகிறவர்கள், வீடுகளுக்குப் போகிறவர்கள். எங்காவது பழைய சட்டி ஒன்றைக் கண்டால், கேட்டு வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இரண்டு நீளப் பள்ளங்களுக்கு நடுவில் கட்டையாக ஒன்று தட்டுப்பட்டால், அடியில் என்ன பெயர் இருந்தாலும் வாசிக்க வேண்டாம். அது நான் செய்தது. அடுப்பிலிருந்து இறக்கச் சொல்லுங்கள்.